அண்மையின் விலை: சென்னைப் பேட்டைகளின் வரவு செலவுக் கணக்கு

பெருநகர வாழ்வு நன்றா, தீதா என்பது பள்ளி நாட்களிலிருந்தே பட்டிமன்றங்களில் நாம் கேட்டு வரும் பொருள். ஓர் அணி மருத்துவமனை, கல்லூரி, நூலகம், வேலைவாய்ப்பு என்று அடுக்கும். எதிரணி புகை, இரைச்சல், தண்ணீர்ப் பஞ்சம், அண்டை வீட்டாரின் முகம் அறியாத வாழ்வு என்று பட்டியலிடும். நடுவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரு சமரசத் தீர்ப்பை வழங்கிவிட்டு விடைபெறுவார். கேட்டவர்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

இந்த வழக்கில் இரு தரப்பாரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. நகரம் என்ற பொதுப்பெயரில் எவரும் குடியிருப்பதில்லை. மயிலாப்பூரில் குடியிருக்கிறார்கள், புளியந்தோப்பில் குடியிருக்கிறார்கள், தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறார்கள். நகரம் தரும் நன்மைகளும் தீமைகளும் இப்பகுதிகளுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டதாக வரலாற்றில் எங்கும் சான்றில்லை. ஒரு பகுதி பெற்ற வசதிக்கு மற்றொரு பகுதி விலை கொடுத்திருப்பதற்குச் சான்றுகள் நிறையவே உண்டு. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக் காலச் சென்னையை முன்வைத்து இக்கணக்கைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

நகரத்திற்குக் குடிபெயரும் ஒருவர் உண்மையில் எதை விலைக்கு வாங்குகிறார்? சுவர்களையும் கூரையையும் அன்று. அவை சொந்த ஊரிலேயே அவருக்கு மலிவாகக் கிடைத்திருக்கும். அவர் வாங்குவது அண்மை. வேலைக்கு அண்மை, சந்தைக்கு அண்மை, நீருக்கு அண்மை, தம்மைப் போன்ற மனிதருக்கு அண்மை. அந்த அண்மைக்கு யார் எவ்வளவு விலை கொடுத்தார் என்பதே பேட்டைகளின் வரலாறு என நாம் கருதுகிறோம்.

புகாரின் இரு பாக்கங்கள்

நகரைப் பகுதி பகுதியாகக் காணும் பார்வை நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகாரை இரண்டாகப் பிரித்தே காட்டுகிறார். கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். யவனர் இருக்கைகளும், நெய்வோரும், மீன் விற்போரும், உப்பு விற்போரும், குயவரும், கம்மியரும் நிறைந்த பகுதி அது. மற்றொன்று பட்டினப்பாக்கம். அரச வீதியும், பெருவணிகர் மாடங்களும், அந்தணர், உழவர், மருத்துவர் தெருக்களும் அங்கே. இரண்டுக்கும் நடுவில் மரச்செறிவின் நிழலில் நாளங்காடி.

தொழில் நடக்கும் இடத்தை ஒட்டி உழைப்போர், அதிலிருந்து சற்று விலகி உடையோர், இருவரும் சந்திக்க இடையில் ஓர் அங்காடி. தமிழ் நிலத்தின் பெருநகரங்கள் பலவற்றுக்குப் பின்னாளிலும் பொருந்தக்கூடிய வரைபடம் இது. சென்னைக்கு எவ்வாறு பொருந்துகிறது என்று பார்ப்போம்.

கோட்டையின் நிழலில்

1639-ஆம் ஆண்டு தாமர்ல நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற மணற்பரப்பில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். அதன் வடக்கே, சுவரை ஒட்டியே, நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் குடியேறிய கறுப்பர் நகரம். கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. துணி நெய்வோருக்கும் விற்போருக்கும் கம்பெனியின் வெள்ளி வேண்டியிருந்தது. சுவரை ஒட்டி வாழ்வதே அக்காலத்தில் பெரும் வசதி.

அந்த வசதிக்குள் சச்சரவும் இருந்தது. வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே எத்தெருவில் யார் குடியிருப்பது, எத்தெரு வழியாக யாருடைய ஊர்வலம் செல்வது என்ற பூசல் 1652-இலேயே வெடித்தது. தாமஸ் பிட் ஆளுநராக இருந்த 1707-இல் அது பெருங்கலகமாக மூண்டு, தெருக்களை இரு பிரிவாருக்கும் வகுத்துக் கொடுக்கும் அளவுக்குச் சென்றது. கிராமத்தில் வயலும் வெளியும் பிரித்து வைத்திருந்த மனிதர்களை நகரம் ஒரே சந்தில் நெருக்கி வைத்தபோது, விட்டு வந்ததாக எண்ணிய வேலிகளை அவர்கள் தெருவுக்குத் தெரு மீண்டும் நட்டுக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் 'பெரிய பறைச்சேரி' என்ற பெயரில் தனியாகக் குறிக்கப்படும் குடியிருப்பும் அந்த வேலிகளுள் ஒன்றன் சான்றே. நகரம் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புவோர் சென்னையின் இத்தொடக்கப் பக்கங்களை அவசியம் வாசிக்க வேண்டும்.

1746-இல் லா பூர்தொன்னே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகள் பாதுகாப்புக்கு இடையூறு என்று கருதிய பிரெஞ்சுக்காரர்கள் அவற்றில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் அதே காரணத்துக்காக எஞ்சியவற்றையும் படிப்படியாக அகற்றினார்கள். பீரங்கிக்கு மறைப்பின்றி வெட்டவெளி தேவைப்பட்டது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும்கூட அங்கிருந்து பெயர்ந்து, இன்றைய பூக்கடைப் பகுதியில் மறுபிறவி எடுத்தன. பழைய கறுப்பர் நகரம் இருந்த மண்ணில் இன்று உயர்நீதிமன்ற வளாகம் நிற்கிறது. இனி இந்த எல்லைக்குள் எவரும் கட்டக் கூடாது என்று அறிவிக்க நடப்பட்ட ஆறு தூண்களுள், 1773-ஆம் ஆண்டைத் தாங்கிய ஒன்று மட்டும் பாரிமுனையில் எஞ்சியுள்ளது.

கோட்டைக்கு அருகில் இருந்ததால் வாழ்ந்த மக்கள் அவர்கள். கோட்டைக்கு அருகில் இருந்ததாலேயே வீடிழந்தவர்களும் அவர்களே. சென்னைப் பேட்டைகளின் கணக்கேட்டில் முதல் வரவும் முதல் செலவும் இவ்வாறு ஒரே வரியில் பதிவாகியிருக்கின்றன.

முத்தியாலுபேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று மேலும் வடக்கே தழைத்த புதிய கறுப்பர் நகரத்தில் 1772-இல் கிணறுகள் தோண்டப்பட்டன. ஏழுகிணறு என்று அப்பகுதி இன்றும் அழைக்கப்படுகிறது. அந்த நல்ல நீர் முதலில் யாருக்கு என்று கேட்டால், கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு என்பதே விடை. கிணறு ஒரு பேட்டையில், தாகம் தீர்ந்தது மற்றொரு பேட்டையில். ஹைதர் அலியின் படையெடுப்புகளுக்கு அஞ்சி நகரைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் துண்டு ஒன்று இராயபுரம் அருகே மாடிப்பூங்காவாக எஞ்சியிருக்கிறது. மதில் வரியின் நினைவோ வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் தங்கிவிட்டது.

தறிக்காக ஓர் ஊர்

தொழிலை மையமாக வைத்துத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட பேட்டைகளும் உண்டு. ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூர் அருகே நெசவாளருக்காக அமைந்த காலெட்பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது, கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தில், கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமரின் தோட்டத்தில் இன்னொரு நெசவூர் எழுந்தது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பர்.

இவ்வூரின் அமைப்பு நம் கவனத்துக்குரியது. நூற்போர், நெய்வோர், துணிக்கு வண்ணமிடுவோர், வெளுப்போர் என ஒரே தொழிலின் பல கண்ணிகளும் அங்கே வரவழைக்கப்பட்டன. தறி போட மரநிழல் இருந்தது. துணி வெளுக்க ஆற்று நீர் இருந்தது. அவர்கள் வழிபட ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அருகருகே கோயில் கொண்டார்கள். வீடும் பட்டறையும் சந்தையும் சன்னதியும் நடைதூரத்தில் அமைந்தன. கம்பெனிக்கு இதில் அறநோக்கம் ஏதுமில்லை. தனக்கு வேண்டிய துணி தடையின்றி வரவேண்டும் என்ற வணிக நோக்கமே இருந்தது. ஆயினும், உழைப்பவரை ஓரிடத்தில் குடியேற்றுவதென்றால் அவர் தொழிலுக்கு வேண்டிய அனைத்தையும் அவ்விடத்தில் சேர்த்தே தர வேண்டும் என்பதை 1734-ஆம் ஆண்டின் வணிகர்கள் அறிந்திருந்தார்கள். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

விலகி வாழும் உரிமை

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், படையெடுப்பு அச்சம் குறையக் குறைய, கோட்டைக்குள் நெருக்கமாக வாழ்ந்த வெள்ளையர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். இன்றைய அண்ணாசாலையின் இருமருங்கிலும், நுங்கம்பாக்கம், எழும்பூர், அடையாற்றங்கரைப் பகுதிகளிலும் தோட்ட வீடுகள் எழுந்தன. விரிந்த நிலத்தின் நடுவே வெண்சுண்ணம் பூசிய தூண்களுடன் ஒற்றை மாளிகை. சுற்றிலும் மாமரமும் புல்வெளியும். காசாமேஜர் சாலை, ஹாடோஸ் சாலை என்று அந்தத் தோட்டக்காரர்களின் பெயர்கள் இன்றும் நம் முகவரிகளில் வாழ்கின்றன.

இங்கே கணக்கு தலைகீழாகிறது. ஏழை அண்மையை வாங்கினான். செல்வந்தன் தொலைவை வாங்கினான். பல்லக்கும் குதிரை வண்டியும் உள்ளவருக்குக் கோட்டை எவ்வளவு தூரத்தில் இருந்தால் என்ன? ஆனால் அந்தத் தொலைவைத் தாங்கியவை பல்லக்குத் தூக்கிகளின் தோள்கள். சமையற்காரர், தோட்டக்காரர், குதிரைக்காரர், சலவை செய்வோர் எனப் பெருங்கூட்டம் ஒன்று அந்த மாளிகைகளுக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். தோட்டங்களின் ஓரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் அவர்களது குடிசைகள் தோன்றின. அமைதியான வசிப்பிடம் என்று பெயர்பெற்ற ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் நெரிசலான ஒரு சேரி இருப்பதன் காரணம் இதுவே. இரண்டும் தனித்தனியே தோன்றியவை அல்ல. ஒன்று இன்றேல் மற்றொன்று இல்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இத்தனை குறைகளுக்கு நடுவிலும் மக்கள் சென்னையை நாடி வந்துகொண்டே இருந்தார்கள். ஏன்? 1780-களின் தொடக்கத்தில் போரும் பஞ்சமும் சுற்றுப்புறத்தைச் சூறையாடியபோது, பசித்தோருக்குக் கஞ்சி வார்க்க நகரின் வடபகுதியில் ஓர் ஏற்பாடு தோன்றியது. மணியக்காரர் சத்திரம் என அது பெயர்பெற்றது. அதன் தொடர்ச்சியாக வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்திலும் ஊர்ப்புறத்து மக்கள் சென்னையை நோக்கியே நடந்தார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய், பஞ்சம் பிழைக்க வந்தோரின் கைகளால் தோண்டப்பட்டதே. கிராமத்தில் நல்ல காற்று இருந்தது, கஞ்சி இல்லை. நகர வாழ்வின் தீமைகளைப் பட்டியலிடுமுன் இந்த ஒரு நன்மையை எடைபோட்டாக வேண்டும். 1871-இல் ஏறத்தாழ 3,97,000 பேர் வாழ்ந்த சென்னையில் 1901-இல் 5,09,000 பேரும், புறநகர்ப் பகுதிகள் சில சேர்ந்தபின் 1951-இல் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டோரும் இருந்தார்கள்.

ஏரிக்குள் எழுந்த நகர்

நடுத்தர வகுப்பினர்க்குத் தொலைவு கட்டுப்படியானது தண்டவாளத்தால். 1895-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு கறுப்பர் நகரத்து நீதிமன்றத்திலும் அலுவலகங்களிலும் பணிபுரிவது எளிதாயிற்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் வந்தது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை பிராட்வே எஸ்பிளனேடு முனையில், திருவல்லிக்கேணிக்கு டிராமில் போவதா பஸ்ஸில் போவதா என்ற காசுக் கணக்கோடு தொடங்குவது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நகரவாசியின் நாள்தோறும் நிகழும் தத்துவ விசாரம் அதுதான். வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் சட்டைப்பையிலிருந்து ஒவ்வொரு நாளும் எதையாவது எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பின்னணியில் பிறந்ததே தியாகராய நகர். 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், 1920-களின் நடுவில் மாம்பலத்தில் புதிய குடியிருப்பு வரையப்பட்டது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், சாலைகளுக்கு நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள். 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்குச் சூட்டப்பட்டது. வடசென்னையின் நெசவு வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவரின் பெயர் தென்சென்னையின் புதிய குடியிருப்புக்கு வாய்த்தது.

அந்த நிலம் எங்கிருந்து கிடைத்தது? நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியிலிருந்து. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் படகுப் போட்டி நடத்திய ஏரி அது. ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் சாலை' இருக்கிறது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப் பரப்பிலேயே நிற்கிறது. சாலை காட்டும் ஏரியையும், கரை காக்கும் குளத்தையும் நாம் கற்பனையில்தான் காணவேண்டும்.

தியாகராய நகரின் வரவுப் பக்கம் பெரிது. காற்றோட்டமான வீடு, கழிவுநீர் வசதி, பள்ளிகள், அருகிலேயே இரயில் நிலையம். மதராசின் நடுத்தர வகுப்பார்க்கு முதன்முறையாகத் தோட்ட வீட்டின் சிறு பிரதி ஒன்று கைக்கெட்டியது. செலவுப் பக்கம் பல பத்தாண்டுகள் கழித்தே எழுதப்பட்டது. மழைநீர் தங்க இடமில்லாத நகரத்தில் மழைக்காலத்தில் தெரு ஏரியாகிறது. கோடையில் குழாய் வற்றுகிறது. 1973-இல் வெளிவந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில், ஒரு சென்னைத் தெருவின் மாந்தர்கள் குடத்தோடு அலைவதை நாம் வாசித்திருக்கிறோம். அந்த அலைச்சலுக்குப் பின்னால், தூர்க்கப்பட்ட ஏரிகளின் நீண்ட வரலாறும் இருக்கிறது. செலவைப் பிறப்பித்த தலைமுறை ஒன்று, செலுத்திய தலைமுறை வேறொன்று.

ஆலைச் சங்கின் ஓசைக்குள்

தெற்கே ஏரி நகராகிக்கொண்டிருந்த அதே காலத்தில் வடக்கே வேறொரு நகரம் உருவாகியிருந்தது. பெரம்பூரில் இரயில்வே பணிமனை, 1870-களின் பிற்பகுதியில் பக்கிங்காம் ஆலை, 1880-களின் தொடக்கத்தில் கர்னாடிக் ஆலை. 1920-இல் இவ்விரண்டும் இணைந்து பி அண்ட் சி ஆயின. புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, சூளை, வியாசர்பாடி எங்கும் தொழிலாளர் குடியிருப்புகள். சங்கு ஊதினால் கேட்கும் தொலைவில் வீடு இருந்தாக வேண்டும். தாமதமாக வந்தவரை ஆலைக் கதவு காத்திருந்து வரவேற்காது.

நெருக்கமும் புகையும் சாக்கடையும் கொண்ட அந்தத் தெருக்களைத் தீமைப் பட்டியலில் சேர்ப்பது எளிது. ஆனால் 1918, ஏப்ரல் 27 அன்று இந்தியாவின் முறைப்படுத்தப்பட்ட முதல் தொழிற்சங்கம் எனக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அந்தத் தெருக்களில்தான். பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அதன் முகங்கள். அதன் வேரோ, செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வருஷிணி சபை என்ற பக்திச் சபையில் இருந்தது. சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய தொழிலாளர்கள் தங்கள் குறைகளைப் பேசத் தொடங்கினார்கள். வேலை முடிந்து நடந்துபோய்ச் சேரும் தொலைவில் வீடும் சபையும் இருந்ததால் நிகழ்ந்த அற்புதம் இது. தோட்ட வீட்டுக்காரர்களுக்குக் கிட்டாத செல்வம் ஒன்று சேரிக்காரர்களுக்குக் கிட்டியது.

அந்த அண்மையே மூன்றாண்டுகளில் தீயாகவும் மாறியது. 1921-ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பான்மையோர் பங்கேற்கவில்லை. ஏனைய சாதியினருக்கும் அவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே ஆலையில் நூல் நூற்றவர்கள், ஒரே குழாயடியைச் சுற்றி வாழ்ந்தவர்கள், 1707-இன் கறுப்பர் நகரத்தையே மீண்டும் நடத்திக் காட்டினார்கள். அண்மை மனிதரை ஒன்று சேர்க்கும் வாய்ப்பைத் தருகிறது. அவ்வாய்ப்பு தானாகவே ஒற்றுமையாகிவிடுவதில்லை.

1996-இல் ஆலை மூடப்பட்டது. சங்கு நின்றது. சங்கொலிக்காகவே அங்கு குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், அண்மையின் காரணம் மறைந்த பின்னும் நெருக்கத்தை மட்டும் மரபுரிமையாகப் பெற்றார்கள்.

கண்ணகியின் பெயரால்

1970-இல் தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அது கைக்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகிலேயே, அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுப்பது. கடற்கரையோர மீனவர் குப்பங்களில் எழுந்த குடியிருப்புகள் அதற்குச் சான்று. அவை சிறியவை, காலப்போக்கில் பழுதுற்றவை என்பது உண்மை. ஆயினும் கடலுக்குப் போகிறவர் கடலருகே இருந்தார். வீட்டுவேலைக்குப் போகும் பெண் நடந்தே போய்வந்தார்.

நூற்றாண்டு திரும்பியபோது வழியும் திரும்பியது. 2000-ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. கூவம், அடையாற்றங்கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் இந்நகர்த்தல் விரைவுபட்டது. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

இரு தரப்பு நியாயங்களையும் நேர்மையாக எடைபோடுவோம். ஆற்றங்கரைக் குடிசை உயிருக்கு ஆபத்தானது. 2015-ஆம் ஆண்டின் அந்த இரவுகளைக் கண்டவர் எவரும் இதை மறுக்க மாட்டார். மழை ஒழுகாத கூரை, கதவு உள்ள கழிப்பறை, மின்சாரம், பெயர் எழுதிய ஒதுக்கீட்டு ஆணை ஆகியவை சிறு பொருள்கள் அல்ல. தலைமுறைகளாகக் குடிசையில் வாழ்ந்தவருக்கு அவற்றின் பெறுமதி மாடியிலிருந்து பார்க்கும் நமக்கு முழுதும் விளங்காது.

மறுதட்டில் இருப்பது ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவர், பூக்கடையில் மூட்டை சுமந்தவர், மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கியவர் ஆகியோருக்கு அந்தத் தூரம் என்ன பொருள் தருகிறது? விடியற்காலைச் சந்தைக்குப் பேருந்து இல்லை. இரண்டு பேருந்து மாறிச் செல்பவருக்கு நான்கு வீட்டு வேலை இரண்டாகக் குறைகிறது. பிள்ளையின் பள்ளி நடுவாண்டில் அறுபடுகிறது. அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த மளிகைக்கடைக்காரர் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுப் பாட்டி வேறொரு கட்டடத்தின் வேறொரு மாடியில் இருக்கிறார். முகவரியைக் கேட்டவுடன் வேலை தர மறுக்கிறார்கள் என்ற குறையை அங்குள்ள இளைஞர்கள் பலகாலம் சொல்லி வருகிறார்கள். வெள்ளத்திலிருந்து காக்க என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இடமும் சதுப்பு நிலத்தின் விளிம்பு. 2015 வெள்ளம் செம்மஞ்சேரியையும் சூழ்ந்தது.

சிலம்பின் கண்ணகி ஒரு நகரத்தை விட்டு இன்னொரு நகரத்தின் மதிலுக்குப் புறத்தே வந்து சேர்ந்தவள். கவுந்தியடிகள் அவளை ஆயர்பாடியில் மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். அங்கே அவளுக்குக் கிடைத்தது சிறு மனைதான். ஆனால் மாதரியும் அவள் மகள் ஐயையும் உடன் இருந்தார்கள். அடைக்கலம் என்ற சொல்லுக்குள் கூரையும் உண்டு, மனிதரும் உண்டு. கண்ணகியின் பெயரைச் சூட்டிய நகருக்குக் கூரையை முதலில் கொடுத்துவிட்டு, மற்றதைக் காலத்திடம் விட்டுவிட்டோம்.

கூட்டிக் கழித்தால்

மேலே கண்ட வரலாற்றை ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்போம். கறுப்பர் நகரத்தார் அண்மையால் பெற்றதைப் பீரங்கியின் பொருட்டு இழந்தார்கள். தோட்ட வீட்டார் தொலைவைப் பெற்றார்கள். அதற்குப் பிறர் தோள் கொடுத்தார்கள். தியாகராய நகரத்தார் நல்ல வீட்டைப் பெற்றார்கள், ஏரி விலையாயிற்று. ஆலைத் தொழிலாளர் நெருக்கத்திலிருந்து ஒரு சங்கத்தையும் ஒரு கலவரத்தையும் ஈன்றார்கள். கண்ணகி நகரத்தார் கூரையைப் பெற்று அண்மையை இழந்தார்கள்.

இவர்களுள் தம் இடத்தைத் தாமே எடைபோட்டுத் தேர்ந்தவர்கள் தோட்ட வீட்டாரும் தியாகராய நகரத்தாரும் மட்டுமே. மற்றவர்களுக்குத் தராசு வேறொருவர் கையில் இருந்தது. பட்டிமன்றங்களில் நன்மை தீமைகளை நாம் அடுக்கும்போது தேர்ந்தெடுக்கும் வசதி படைத்தவரையே மனத்தில் வைத்துப் பேசுகிறோம். வாடகை எவ்வளவு, காற்று எப்படி, தண்ணீர் வருமா என்று அவர் கேட்பார்; ஒத்துவரவில்லையெனில் வேறு வீடு பார்ப்பார். வேறு வீடு பார்க்க இயலாதவருக்கு அதே கேள்விகளை வேறொருவர் கேட்டு, வேறொருவரே விடையும் எழுதுகிறார்.

ஆற்றங்கரையில் எவரும் வாழக்கூடாது என்பதில் நமக்கு மாறுபட்ட கருத்தில்லை. எங்கே குடியமர்த்துவது என்று வரும்போது சதுர அடியோடு தொலைவையும் அளக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். வேலை எத்தனை தூரம், பள்ளி எத்தனை தூரம், மருத்துவமனை எத்தனை தூரம், பழகிய முகங்கள் எத்தனை தூரம் என்ற நான்கு எண்களும் ஒதுக்கீட்டு ஆணையில் இடம்பெறட்டும். நகருக்குள்ளேயே நிலமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. ஆலைகள் மூடிய நிலங்களும், அரசுத் துறைகளின் பயன்படாத வளாகங்களும் யாருக்குப் போய்ச்சேர்ந்தன என்று ஒருமுறை பார்த்தபின் அந்த விடையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். நெசவாளரைக் குடியேற்றும்போது தறியையும் ஆற்றையும் மரநிழலையும் கோயிலையும் சேர்த்தே வைக்கத் தெரிந்திருந்தது 1734-இன் இலாப நோக்குக் கம்பெனிக்கு. குடிமக்களின் பெயரால் ஆளும் அரசுகள் அந்த வணிகரினும் குறைவாகச் சிந்திக்க வேண்டிய அவசியம் என்ன?

நம் முகவரியில் உள்ள பேட்டை, பாக்கம், தோட்டம், குப்பம், நகர் ஆகிய சொற்களை நாம் நாள்தோறும் எழுதுகிறோம். அடுத்த முறை எழுதும்போது அந்தச் சொல் எப்படி வந்தது, அங்கே முன்பு யார் இருந்தார், அவர் எங்கே போனார் என்று விசாரித்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். தெருமுனையில் இஸ்திரி போடுபவரோ, கோயில் வாசலில் பூக்கட்டும் மூதாட்டியோ இதற்கு விடை சொல்லக்கூடும். அவர்கள் இப்போது எங்கிருந்து எத்தனை பேருந்து மாறி வருகிறார்கள் என்பதையும் அப்படியே கேட்டுவிடலாம்.